வசாபியும் அம்மாவின் கடுகும்

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங்கில் ஒரு ஜப்பானிய உணவகம். ஒரு பக்கம் காக்டெயில் பார், மறுபக்கம் நீளமான மரமேசை, மேசைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர். தங்கைக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நம்பாதவர் அவர். பச்சை மீனைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் இருந்த வசாபி என்ற பச்சை விழுதை மட்டும் விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். கண் கலங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இது நம்ம கடுகுதானேடா?” என்றார்.

தங்கை சிரித்தாள். ஆனால் அம்மா சொன்னது வேதியியல்படி சரி.

வசாபி, கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். வசாபிக் கிழங்கை முழுசாக முகர்ந்தால் பெரிதாக நெடி வராது. அதற்குள் சினிகிரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் துருவினாலோ இரண்டும் ஈரத்தில் கலந்துவிடும். அப்போதுதான் நெடி தரும் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற மூலக்கூறு பிறக்கிறது. பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. நாம் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்.

அந்தச் சமையல்காரர் சுறாத்தோல் ஒட்டிய சிறு பலகையில் கிழங்கை வட்டமாகத் தேய்த்ததன் காரணமும் இதுதான். எவ்வளவு மைய அரைபடுகிறதோ அவ்வளவு செல்கள் உடையும். ஆனால் காரம் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், கால் மணி நேரத்துக்குள் மங்கத் தொடங்கிவிடும். அதனால் அடுத்த இரண்டு துண்டுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது தேய்த்தார். கடைகளில் டியூபில் விற்பது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்த கலவை. ஏமாற்று என்றுதான் நான் சொல்வேன், ஆனாலும் நெடி தரும் மூலக்கூறு அதிலும் அதுவேதான்.

சரி, மிளகாய் நாக்கில் எரிய, இது ஏன் மூக்கில் ஏறுகிறது? மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஆவியாகாது. வாயிலேயே ஒட்டிக்கொண்டு நெடுநேரம் எரிக்கும். இதுவோ சட்டென்று ஆவியாகி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் போய், அங்குள்ள டிஆர்பிஏ1 என்ற வலியுணர்வியைத் தட்டுகிறது. அதாவது இது சுவையே இல்லை, ஒருவகை வலி. ஆவி கலைந்ததும் அடங்கிவிடும். மூக்கால் இழுத்து வாயால் மூச்சு விட்டால் கொஞ்சம் சீக்கிரம் தப்பலாம். தூங்குபவரை எழுப்பக் காற்றில் எவ்வளவு வசாபி வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை வைத்துத் தீ எச்சரிக்கைக் கருவி செய்த ஜப்பானியக் குழுவுக்கு 2011இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

இந்த மூலக்கூறு தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கரைந்தது அவ்வளவு எளிதில் ஆவியாகி மூக்குக்கு ஏறாது. கொழுப்பு நிறைந்த சூரை மீனின் வயிற்றுத் துண்டுக்குச் சமையல்காரர் தாராளமாக வைத்தும் எங்களுக்கு உறைக்காததற்கு அதுவே காரணம்.

“அப்படின்னா தாளிக்கும்போது ஏன் கடுகு நெடி வர்றதில்ல?” என்றாள் தங்கை. நொதி ஒரு புரதம். கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதற்குள் அது செத்துவிடும். சினிகிரின் இருந்தும் அதை உடைக்க ஆளில்லை. பச்சைக் கடுகை ஈரம் சேர்த்து அரைத்தால்தான் மூக்கில் ஏறும்.

அம்மாவின் சந்தேகம் வேறு. கால் மணியில் மங்குகிற காரம், அவருடைய ஆவக்காய் ஊறுகாயில் மட்டும் எப்படி நிற்கிறதாம்? மாங்காயின் புளிப்பில் அந்த மூலக்கூறு மெதுவாகவே சிதையும், மேலே மிதக்கும் நல்லெண்ணெய் அதைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றேன். அவர் சமையல்காரரின் பலகையைப் பார்த்து, “அப்போ இவர் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊத்தலாமே” என்றார்.