ட்ரோன் என்றால் ஒத்து

கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் உலக பைப் பேண்டு (பைக்குழலும் முரசும் சேர்ந்த குழு) போட்டியைப் பற்றிய காணொளி. கீழே தமிழ் வரி ஓடுகிறது: "இவர் தோளில் மூன்று ஆளில்லா விமானங்கள் உள்ளன." பாவம், அந்த மனிதர் தன் பைக்குழலின் (பேக்பைப்) மூன்று மரக்குழல்களைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அவற்றின் பெயரும் ட்ரோன்தான். இந்த விமானங்கள் என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை.

ஆங்கிலத்தில் ட்ரோன் என்றால் ஆண் தேனீ. அதன் முரலும் ஓசையும்கூட. பைக்குழலின் ட்ரோனும் பறக்கிற ட்ரோனும் அந்தத் தேனீயின் பெயரைத்தான் சுமக்கின்றன. வேர்க்கதை அவ்வளவுதான்.

விமானத்தைவிட எனக்கு எரிச்சல் தருவது, அதைத் திருத்த வந்தவர்கள் கட்டிய 'ரீங்காரக் குழல்'. கேட்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழல் வண்டு மாதிரி இரைவதற்காக அங்கே இல்லை. ஸ்காட்லாந்தின் ஹைலேண்டு பைக்குழலில் ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இரண்டு, இரண்டு ஸ்தாயி கீழே ஒன்று என மூன்று குழல்கள் விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கின்றன. பாட்டு அதன்மேல் நடக்கிறது. இந்த வேலைக்கு நாகஸ்வரக்காரர்கள் வீட்டில் பெயர் இருக்கிறதே, ஒத்து! ஒத்திசை, ஒத்துப்போ என்கிற அதே குடும்பத்துச் சொல்.

ஒத்து தனி வாத்தியம், தனி ஆள் ஊதுவது என்பார்கள். இருக்கட்டும். ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, நாதம் அறாமல் ஊதுகிறார். அந்தக் கன்னத்தின் வேலையைத்தான் அங்கே அக்குளில் இடுக்கிய பை செய்கிறது. சீவாளி, அதாவது ஊதும்போது அதிர்கிற நாக்கு, வேறு என்பார்கள். உண்மை, ஒத்தின் சீவாளி இரட்டை நாக்கு, ஹைலேண்டு ட்ரோனுடையது ஒற்றை. சொல் வேலைக்கா, நாக்கின் எண்ணிக்கைக்கா? 'அவனுக்கு ஒத்து ஊதுறான்' என்ற நக்கல் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் கவலைப்பட்டார். ஒத்துக்காரரைக் கேலிப்பொருள் ஆக்கியது நாம். அதற்காக அவருடைய சொல்லையும் பிடுங்க வேண்டுமா?

'சுருதிக்குழல்' பரவாயில்லை. அது வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. சுருதி என்பது பிடிக்கப்படுகிற நிலை, ஒத்து அதைப் பிடிக்கிற கருவி. எனக்கு வேண்டியது கருவியின் பெயர்.

பைப் பேண்டைக் கவனித்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். இருபது பேர் ஊதினால் அறுபது ட்ரோன். ஒவ்வொன்றின் இணைப்பையும் மேலே இழுத்து, கீழே இறக்கி, அறுபதும் ஒரே குரலாகிற வரை சேர்க்கிறார்கள். முரசு உருளும்போது அத்தனையும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். ஒன்று முந்தினாலும் நடுவர் காதில் விழும். அங்கே போட்டியே ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. இதை ரீங்காரம் என்று எழுதுகிறவர், அகராதியைத் திறந்த நேரத்தில் பாதியைக் கேட்கச் செலவிட்டிருக்கலாம்.

அதே காணொளியில் சான்ட்டர், அதாவது விரல் வைத்து வாசிக்கிற குழல், 'மந்திரம் ஓதுபவர்' ஆகியிருந்தது. அந்த மந்திரவாதிக்கு விரல் வைக்க எட்டு ஓட்டை.