எலும்புக்கு ஓர் எண், நரம்புக்கு வேறு எண்

பூனையின் குட்டைக் கழுத்தோ குதிரையின் நீண்ட கழுத்தோ, உள்ளே இருக்கும் எலும்புகள் 7தான். ஆனால் அங்கிருந்து கிளம்பும் தண்டுவட நரம்புகள் 8 ஜோடி. முதல் ஜோடி, முதல் கழுத்தெலும்பிலேயே உள்ள துளை வழியாக வெளியேறிவிடுகிறது. 2 முதல் 7 வரையிலான நரம்புகள் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு முன்னால், அதாவது தலைப் பக்கமாக, வருகின்றன. எட்டாவது, ஏழாம் எலும்புக்குப் பின்னால் வருகிறது. அப்புறம் வால்வரை எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குப் பின்னால்தான். மார்புப் பகுதி முதுகெலும்புகள் நாய்க்கும் மாட்டுக்கும் 13, குதிரைக்கு 18. நரம்பு ஜோடிகளும் அதற்கேற்பக் கூடும், குறையும்.

கழுத்துக் கணக்கை ஒருமுறை படித்தால் மறக்காது. உண்மையான தொல்லை இடுப்புப் பக்கம். கருவின் தொடக்கத்தில் தண்டுவடமும் அதைச் சுற்றிய எலும்புக் கால்வாயும் ஏறக்குறைய ஒரே நீளம். வளர வளர எலும்பு முந்திக்கொள்கிறது, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. நாயில் அது ஆறாம் அல்லது ஏழாம் இடுப்பெலும்பு (இடுப்புப் பகுதி முதுகெலும்பு) அருகே முடிந்துவிடும். குதிரையில் இடுப்பைத் தாண்டி, இடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள திரிக எலும்புவரை போகும். மனிதரிலோ முதல் இரண்டு இடுப்பெலும்புகளோடு சரி. கடைசி நரம்புகள் தங்கள் வாசலைத் தேடிக் கால்வாய்க்குள்ளேயே பின்னோக்கி நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது. தண்டுவடம் முடிந்த இடத்திற்கு அப்பால் நாம் பார்ப்பது அந்த நரம்பு வேர்களின் கற்றையைத்தான்.

இதனால் என்ன ஆகிறது? தண்டுவடத்தை, அங்கிருந்து கிளம்பும் நரம்பின் எண்ணை வைத்தே பகுதி பகுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலான நாய்களில் ஐந்தாம் இடுப்பெலும்புக்குள் இருப்பது ஐந்தாம் இடுப்புப் பகுதித் தண்டுவடம் அல்ல, திரிகப் பகுதி. சிறுநீர்ப்பையையும் மலவாயையும் ஆள்வது அதுதான். அந்த எலும்பு நொறுங்கினால், அவ்வழியே பின்னோக்கிப் போகும் கால் நரம்பு வேர்களோடு சேர்த்து, சிறுநீர்க் கட்டுப்பாடும் போகலாம். எக்ஸ்ரே படம் எலும்பின் எண்ணைத்தான் காட்டும். நரம்பின் எண்ணை மருத்துவர்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி, சுற்றிலும் வெள்ளைப் பகுதி. முதுகுப் பக்கத்து வேர் உணர்வை உள்ளே கொண்டுவருகிறது, வயிற்றுப் பக்கத்து வேர் தசைக்கான கட்டளையை வெளியே கொண்டுபோகிறது. பிரான்சின் உடலியலாளர் மாஜெந்தி 1822இல் நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியே வெட்டி இதைக் காட்டினார். இன்று படிக்கவே கசக்கும் சோதனை அது. இரு வேர்களும் சேர்ந்த பிறகுதான் அது தண்டுவட நரம்பு. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நரம்பு தரும் இரண்டு இடங்களில் தண்டுவடமே சற்றுப் பருத்திருக்கும்.

இந்த அமைப்பைத் தெரிந்துவைத்திருப்பதன் பலன் மாட்டு வைத்தியத்தில் பளிச்சென்று தெரியும். பசுவை நிற்க வைத்தே பக்கவாட்டு வயிற்றைத் திறந்து அறுவை செய்கிறார்கள். அந்த இடத்துத் தோலுக்கும் தசைக்கும் போவது கடைசி மார்பு நரம்பும் முதல் இரண்டு இடுப்பு நரம்புகளும். அந்த மூன்றை மட்டும் மரக்கச் செய்தால் போதும். பின்னங்காலைத் தாங்கும் நரம்புகள் இன்னும் பின்னாலிருந்து கிளம்புவதால் பசு கீழே விழாது. கன்று ஈனும்போது சிக்கலானால் வாலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, முதல் இரண்டு வாலெலும்புகளின் இடைவெளியில் எபிடியூரல் ஊசி (எலும்புக் கால்வாய்க்குள் செலுத்தும் மரப்பு மருந்து) போடுவார்கள். தண்டுவடம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் ஊசி அதைக் குத்தும் பயமில்லை. ஆனால் அளவு மிஞ்சினால் மருந்து முன்னோக்கிப் பரவும், பசு படுத்துவிடும்.

இனி நாய்க்கு வருவோம். பின்னங்கால்கள் செயலிழந்த நாயின் முழங்காலைச் சிறு சுத்தியால் தட்டுகிறார்கள். அந்த அனிச்சைச் செயல் தண்டுவடத்தின் நான்கு முதல் ஆறு வரையிலான இடுப்புப் பகுதிகளுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும், மூளை தேவையில்லை. கால் துள்ளாவிட்டால் கோளாறு அங்கே, அல்லது அங்கிருந்து போகும் நரம்பில். துள்ளல் வழக்கம்போலவோ அதிகமாகவோ இருந்தால் கோளாறு அதற்கும் முன்னால், பெரும்பாலும் நடுமுதுகில். அடுத்து முதுகுத் தோலைப் பின்னிருந்து முன்னாக லேசாகக் கிள்ளிக்கொண்டே வருவார்கள். சேதி கழுத்தும் மார்பும் சேரும் இடம்வரை ஏறிப் போய், அங்கிருந்து வரும் நரம்பு தோலைச் சிலிர்க்க வைக்கும். சேதம் இருந்தால் அதற்குப் பின்னால் கிள்ளும்போது தோல் சிலிர்க்காது. சிலிர்ப்பு தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னால்தான் சேதம்.

டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் அந்த இடம் பெரும்பாலும் மார்பும் இடுப்பும் சேருமிடம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குவது அங்கேதான் அதிகம். மார்பின் முன்பகுதியில் அது அரிது. அங்கே இடது, வலது விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் ஒரு நார், டிஸ்க்குக்கு மேலே அணையாகக் கிடக்கிறது. கடைசி விலாக்களுக்கு அந்த நார் இல்லை.

கடைசியாக நாயின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளுவார்கள். நாய் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால் வளர்ப்பவர் முகம் மலரும். ஆனால் அதுவும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாக இருக்கலாம், வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றல்ல. நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதைத்தான் மருத்துவர் கவனிக்கிறார். அப்படி ஏதும் இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் அது நடக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.