ரூட்டர்: திசைவியா, வழிப்படுத்தியா, ஆற்றுப்படுத்தியா?

"வைஃபை நன்றாக வர வேண்டும், வீட்டு போனும் அதிலேயே வேலை செய்ய வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது" என்று கடையில் கேட்டால் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். அதற்குக் கடைக்காரர் சொல்லும் பெயர் ரூட்டர். அமெரிக்கா போய் வந்த உறவினர் ரவுட்டர் என்பார். இணைப்புக் கொடுக்க வருபவர் மோடம் என்பார். தமிழ் விக்கிப்பீடியாவில் தேடினால் அது திசைவி. இத்தனை பெயர் இருந்தும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எந்தப் பெயரும் முழுதாகச் சொல்வதில்லை. சொல்லைப் புரிந்துகொண்டால் தவறான பெட்டிக்குப் பணம் கொடுக்காமல் தப்பலாம்.

வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'ரும்பெரே' என்றால் உடைத்தல். காட்டையும் மேட்டையும் உடைத்துப் போட்ட பாதை 'வியா ருப்தா'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரூட்' ஆனது. பஸ் ரூட் என்று நாம் சொல்லும் அதே ரூட்தான். (நமக்கு நன்கு பழகிய 'கரப்ஷன்' என்ற சொல்லும் இந்த உடைக்கும் வேரில் பிறந்ததுதான்.) வழியைத் தேர்ந்து அனுப்பும் கருவி ரூட்டர். பிரிட்டிஷ் உச்சரிப்பு ரூட்டர், அமெரிக்க உச்சரிப்பு ரவுட்டர். தச்சர்கள் மரத்தில் பள்ளம் எடுக்கப் பயன்படுத்தும் ரவுட்டர் இயந்திரத்துக்கும் இதற்கும் எழுத்துதான் ஒன்று. அது தோண்டுதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையிலிருந்து வந்தது. அதனால் இணையப் பெட்டியை ரூட்டர் என்று சொல்வதையே நான் விரும்புகிறேன்.

இந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே கருவி பிறந்துவிட்டது. 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்புக்காக பிபிஎன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த, குளிர்பதனப் பெட்டி அளவிலான 'ஐஎம்பி' கணினிகளே இதன் மூதாதை. எழுபதுகளில் வலையமைப்புகளை இணைத்த கருவிக்கு 'கேட்வே', அதாவது நுழைவாயில், என்று பெயர். இன்றும் கணினியின் வலையமைப்பு அமைப்புகளைத் திறந்து பாருங்கள், வீட்டு ரூட்டரின் முகவரி கேட்வே என்ற பெயரில்தான் இருக்கும்.

இனி தமிழுக்கு வருவோம். உலாவு என்ற வினையிலிருந்து உலாவி வந்தது, செருகு என்பதிலிருந்து செருகி. 'திசைவி'யையும் அப்படிப் பிரிக்கப் போனால் சிக்கல். திசை பெயர்ச்சொல், 'திசைவு' என்ற வினை வழக்கில் இல்லை. பழந்தமிழில் இருக்கும் வினை 'திசைத்தல்'. அதற்குப் பொருள் திகைத்தல், மயங்குதல்! மாத முதல் தேதியில் சிவப்பு விளக்கு மின்னும் பெட்டியின் முன் நிற்கும்போது நாம் செய்வது அதைத்தான். தவிர, திசை வடமொழி வழி வந்த சொல் என்பதால் சிலர் 'வழிப்படுத்தி' என்று எழுதுகிறார்கள். பொருள் துல்லியம், சொல்தான் நீளம். தொல்காப்பியம் சொல்லும் நால்வகைச் சொற்களில் ஒன்று திசைச்சொல். பிற நிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல் அது. அந்தக் கணக்கில் ரூட்டர் என்பதையே திசைச்சொல்லாக ஏற்றுக்கொள்வதிலும் குற்றமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் யாரும் கடையில் சொல்லப்போவதில்லை: ஆற்றுப்படுத்தி. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனிடம் "இந்த வழியாகப் போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்னார் உனக்கு உதவுவார்" என்று அனுப்பிவைப்பதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அந்த வகை. இணையத்தில் ஒரு தரவுப் பொதி, அதாவது நாம் அனுப்பும் தகவலின் சிறு துண்டு, போவதும் இப்படித்தான். முழு வழியும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ரூட்டரும் அதன் முகவரியைப் பார்த்து அடுத்த ஊரை மட்டும் காட்டி அனுப்பும். ஆனால் உளவியல் ஆலோசனை சொல்பவரை ஆற்றுப்படுத்துநர் என்று அரசே அழைப்பதால் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆகவே திசைவியே இருக்கட்டும். இலக்கணம் நொண்டினாலும் சுருக்கமானது, பழகிவிட்டது.

ஆனால் திசைவி என்பது பெட்டியின் ஒரு வேலைக்கு மட்டுமே பெயர். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஓஎன்டி. வீட்டுக்குள் அலை பரப்புவது வைஃபை, தமிழில் அருகலை. லேண்ட்லைனைப் பேசவைப்பது எஃப்எக்ஸ்எஸ் எனப்படும் தொலைபேசி முனை. பெட்டியின் பின்புறம் போன், டெல், பாட்ஸ் என்று ஏதாவது அச்சிட்ட, மற்றவற்றைவிடச் சிறிய துளை அது. இணைப்பு நிறுவனம் தரும் பெட்டியில் பெரும்பாலும் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். கடையில் விற்கும் மலிவான ரூட்டரில் போன் துளையே இருக்காது. போன் துளை உள்ள பெட்டியைத் தேடி வாங்கினாலும் குரல் சேவைக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனம் தந்தால்தான் மணி அடிக்கும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அவற்றை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தரமாட்டோம் என்றால் எளிய வழி உண்டு. நிறுவனத்தின் பெட்டியை அப்படியே விட்டு, போனை அதிலேயே செருகுங்கள். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் எனப்படும் வலையமைப்புத் துளையிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, நல்ல அருகலை உள்ள தனி ரூட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள். அந்தத் தனி ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகமான அலைவரிசை இருக்கிறதா, துளைகள் கிகாபிட் வேகத்தவையா என்று பாருங்கள். அட்டையில் உள்ள 'ஏசி1200' என்பது இரண்டு அலைவரிசைகளின் வேகங்களான 300 மெகாபிட்டையும் 867 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். எந்தக் கைபேசிக்கும் அந்த 1200 கிடைக்காது. துளைகள் 100 மெகாபிட் என்றால் 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் பாதிதான் வரும்.

கடைசியாக, தரைவழித் தொலைபேசி என்ற சொல். அதன் இழை இப்போது மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. பழைய செம்புக் கம்பி போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், தெருவே இருண்டாலும் டயல் டோன் கேட்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ரூட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கும்போது ஓஎன்டி உள்ள நிறுவனப் பெட்டியையும் அதில் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்தடையில் முதலில் ஊமையாவது வீட்டு போன்தான்.