முதுகுக்குக் கருவி தந்துவிட்டு மூட்டையைக் கூட்டாதீர்கள்

மூன்று வாரங்களில் முதுகுவலியோடு என்னிடம் வந்த மூன்றாவது கம்பி கட்டும் தொழிலாளி அவர். மூவருக்கும் வேலை ஒரே கட்டடத்தில். அங்கே சோதனை முயற்சியாக, முதுகுக்குத் துணையாக உடம்பின் மேல் அணியும் சட்டகக் கருவிகள் (எக்ஸோஸ்கெலிட்டன்) சில வாங்கியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத வகை. மார்பிலும் தொடையிலும் பட்டை, இடுப்போரத்தில் ஸ்பிரிங். "அதுதான் போட்டிருக்கிறாயே, இன்னும் இரண்டு கம்பி சேர்த்துத் தூக்கு" என்றாராம் மேஸ்திரி. மூன்றாம் நாளே இவர் கழற்றி வைத்துவிட்டார். பொறியாளரோ, "படிக்காதவர்கள், புதியது எதையும் ஏற்கமாட்டார்கள்" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்.

அணிந்தால் பலம் கூடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கூடாது. குனிந்து நிமிரும்போது முதுகுத் தசை செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்தக் கருவி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 50 கிலோ சிமெண்ட் மூட்டை அப்போதும் 50 கிலோதான். அந்த எடை விரல், தோள், முதுகெலும்பு, முழங்கால், பாதம் என்று உடல் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. தசைக்குக் கிடைத்த சிறு ஓய்வை நீங்கள் சுமையாக மாற்றிவிட்டால், தொழிலாளிக்கு மிஞ்சுவது கருவியின் எடையும் வியர்வையும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஒருவர் தனியாகத் தூக்க ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு வைத்தன. கருவி அணிந்துவிட்டால் அந்த வரம்பு உயரும் என்று எண்ணாதீர்கள்.

இடுப்புப் பெல்ட்டிலும் இதே தவறைத்தான் செய்தோம். காயமில்லாதவரின் முதுகைப் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. இன்றும் மருந்துக்கடையில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு மூட்டை சுமக்கப் போகிறார்கள்.

தொழிலாளி புதியதை ஏற்கமாட்டார் என்பதும் உண்மையில்லை. சித்தாளுக்குச் சும்மாடு கட்ட யார் வகுப்பு எடுத்தார்கள்? தன் துணி, தன் தலைக்கேற்ற அளவு, வேண்டாதபோது எடுத்துவிடலாம். சும்மாடு இருக்கிறதே என்று யாரும் நான்கு செங்கல் கூட்டி வைப்பதில்லை. இந்தக் கருவியோ மே மாத வெயிலில் உடம்போடு ஒட்டுகிறது. நீட்டி நிற்கும் கம்பியில் மாட்டுகிறது. உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பாதுகாப்புக் கச்சையோடு முட்டுகிறது. பெண்களுக்கு மார்புப் பட்டை அழுத்துகிறது. கருவியைக் கழற்றி வைத்த அந்தத் தொழிலாளி தயங்கித் தயங்கிச் சொன்ன காரணம் வேறு: "இதைப் போட்டால் உடம்பு முடியாதவன் என்று நினைப்பார்கள் சார். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்." தினக்கூலிக்காரரின் இந்தப் பயத்தை எந்த ஸ்பிரிங்கும் போக்காது.

ஆகவே, பொறியாளர்களே, ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்துக் கொடுங்கள். முதல் நாள் அரைமணி நேரம் அணிந்தால் போதும். ஒருவர் வியர்வையோடு கழற்றியதை அப்படியே அடுத்தவருக்கு மாட்டாதீர்கள். கச்சையோடு சேர்த்து அணிய முடியும் என்று உறுதியாகாதவரை சாரத்தில் ஏற்றாதீர்கள். வேண்டாம் என்பவரின் கூலியில் கை வைக்காதீர்கள். கருவி வந்துவிட்டது என்று ஆளைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

தொழிலாளத் தோழர்களே, தளத்தில் மணிக்கணக்காகக் குனிந்து கம்பி கட்டுபவருக்கு இது உண்மையிலேயே உதவக்கூடும். வெட்கப்பட்டு ஒதுக்காதீர்கள், அளவு சரியாக இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தொடை மரத்தாலோ மூச்சு இறுகினாலோ உடனே கழற்றுங்கள். குடலிறக்கமோ பழைய டிஸ்க் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அணிய வேண்டாம். முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, கூலி போகிறதே என்று மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.