ஆட்டைக் கடித்தது எது? புதைப்பதற்கு முன் கழுத்தைப் பாருங்கள்

காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆடு செத்துக் கிடந்தால் போதும், விடிவதற்குள் ‘சிறுத்தை வந்துவிட்டது’ என்ற பேச்சு ஊரைச் சுற்றிவிடுகிறது. எங்கோ எடுத்த ஒரு படமும் கூடவே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும் சிற்றூர்களில் இந்தப் பயம் இன்னும் கடுமையானது. பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வாசலுக்கே விடுவதில்லை.

கால்நடை மருத்துவராக நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: செத்த ஆட்டை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் குழியை மூடிவிடுகிறார்கள். கால்தடத்தின் மேல் ஊரே நடந்து முடித்திருக்கும்.

சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். வெளியே நாலு சிறு துளைகள் மட்டுமே தெரியும். அந்த இடத்து மயிரை மழித்துத் தோலை உரித்தால், உள்ளே தசை கன்றி ரத்தம் கட்டி நிற்கும். செத்த பிறகு வேறு விலங்கு வந்து கடித்த இடத்தில் அப்படிக் கட்டாது. நாய்க்கூட்டம் கடிக்கும் விதமே வேறு. பின்தொடை, மடி, காது என்று ஓட ஓடக் குதறியிருக்கும். ஒன்றையும் முழுதாகத் தின்னாமல் பலவற்றைக் கடித்துப் போட்டிருக்கும். மிரண்ட ஆடுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடிபடாமலே மூச்சுத் திணறிச் சாவதும் உண்டு.

கண்மாய்க்கரை ஈர மண்ணில் தடமும் சாட்சி சொல்லும். நாயின் தடம் சற்று நீண்டு, முன்னால் நகக்குறியோடு இருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தடம் வட்டமாக, நகக்குறி இல்லாமல் பதியும். தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நான் பார்த்த வரையில் பெரும்பாலும் தெருநாய்கள்தான். ‘ப்பூ, நாய்தானா’ என்று ஆடு மேய்க்கும் கீதாரிகள் நிம்மதி அடையும்போதுதான் எனக்குக் கவலை பிடிக்கிறது. கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்தால், இன்று பிழைத்த ஆடு சில வாரம் கழித்து வாயில் எச்சில் ஒழுக நிற்கும். அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்கு அழைத்து அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். கழுவியவர் கையில் சிராய்ப்பு இருந்து எச்சில் பட்டிருந்தால், அவரும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

இந்தப் பீதியில் அநியாயமாக அடிபட்டுச் சாவது மரநாய். பூட்டிக் கிடக்கும், நடுவே முற்றம் வைத்த வளவு வீடுகளின் மேற்கூரையில் பகலெல்லாம் தூங்கி, இரவில் பழமும் எலியும் தேடும் பிராணி அது. ஓட்டின் மேல் தடதடவென்று ஓடுவதைக் கேட்டு மர்ம விலங்கு என்கிறார்கள். கோழிக்குஞ்சைத் தூக்கும், உண்மைதான். வளர்ந்த ஆட்டைக் கொல்ல அதனால் ஆகாது. முற்றத்தில் விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மேலே குடியிருப்பது அதுவாக இருக்கலாம். அடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரநாய் மேலே தங்க வேண்டாமென்றால், அது இரை தேட வெளியே போன இரவு நேரத்தில் ஓட்டு இடுக்கை அடைத்துவிடுங்கள். அதற்கு முன் மேலே குட்டிகள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.