சுருங்கை: சுரங்கத்துக்கு நம்ம பழைய சொல்

பழைய ஊர்ல எங்கயாவது பள்ளம் தோண்டும்போது செங்கல் வச்சு கட்டின ஒரு வழி தெரிஞ்சு, உள்ள பாதிக்கு மேல மண்ணு அடைச்சிருந்தா போதும், ராஜா தப்பிச்சுப் போன ரகசிய சுரங்கம்னு அன்னைக்கே வீடியோ வந்துடும். அந்த மாதிரி வழிக்கு நம்ம பழைய நூல்கள்ல இருக்குற பேரு சுருங்கை.

சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரைக்குள்ள நுழையற இடம், ஊர்காண் காதை, அதுல "பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி"னு வருது. அதாவது அகழியை ஒட்டி யானைக் கூட்டமே போய் வர்ற அளவுக்கு பெரிய மூடின வழி. பரிபாடல்லயும் அதே மதுரைதான், ஆனா அங்க சுருங்கைங்கறது தண்ணி போற வழி, அதுலேர்ந்து தண்ணி பாயுறது யானை தும்பிக்கைய தூக்கி பீச்சுற மாதிரி இருக்காம். மணிமேகலைல வஞ்சி நகரத்தோட அகழிக்கு வீடுகள்லேர்ந்து குளிச்ச தண்ணிய கொண்டு போறது "சுருங்கைத் தூம்பு". ஆக ஆள் போற வழி, தண்ணி போற வழி ரெண்டுக்கும் ஒரே சொல்தான், இத கவனிச்சா ரகசிய சுரங்கம்னு சொல்றதுல எத்தனையோ வெறும் வடிகாலா இருக்கலாம்னு புரியும். வாட்டம் எந்தப் பக்கம் இருக்கு, அது அகழிக்கோ குளத்துக்கோ போகுதான்னு முதல்ல பாருங்க, ராஜா கதை அப்புறம்.

சொல் எங்கேர்ந்து வந்துச்சு? சமஸ்கிருதத்துல சுருங்கா, அர்த்தசாஸ்திரத்துலயே இருக்கு, அரக்கு மாளிகைலேர்ந்து பாண்டவர்கள் தப்பிச்ச வழிக்கும் இதே சொல்தான். அதுக்கும் முன்னாடி கிரேக்கத்துல சிரிங்ஸ், குழல்னும் அர்த்தம், நிலத்தடி வழின்னும் அர்த்தம், அங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு மொழியியல் ஆளுங்க பலர் சொல்றாங்க. சுருங்கு + ஐ, ஒடுக்கமான வழி, சுத்தத் தமிழ்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அது ஒட்டல, யானைக் கூட்டம் போற வழிய யாரு ஒடுக்கம்னு பேரு வைப்பாங்க? கிரேக்கத்துலேர்ந்தே வந்திருந்தாலும் பரிபாடல் காலத்துலேர்ந்து நம்மகிட்ட இருக்குற சொல்லுங்க அது, தாராளமா நம்ம சொல்தான்.

காசர்கோடு பக்கம் செம்பாறைய குடைஞ்சு தண்ணி எடுக்குற வழிக்கு இன்னைக்கும் சுரங்கம்னுதான் பேரு, பழைய தண்ணி அர்த்தம் அங்க உயிரோட இருக்கு. இங்க சுரங்கம்னா நெய்வேலிதான் ஞாபகம் வருது, சுரங்கப்பாதைன்னா ரயில்வே ஸ்டேஷன் சப்வே. அதனால பழைய கோட்டை, கோயில் வழிகளுக்கு தனியா சுருங்கைன்னே எழுதலாம்ங்கறது என் கட்சி. தரைக்கு கீழ ரூம் மட்டும் இருந்தா அது நிலவறை, ரெண்டையும் போட்டு குழப்பக் கூடாது.

மதுரையில பிரிட்டிஷ் காலத்துல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதில இடிச்சு அகழிய தூர்த்துட்டாரு, அந்த இடத்துலதான் வெளி வீதிகள் வந்துச்சு, சில மிச்சம்தான் நிக்குது. இப்படி மண்ணு மூடிப் போனத தூர்ந்த சுருங்கைன்னு சொல்லலாம், தூர்ந்த கிணறுன்னு சொல்றோம்ல அதே மாதிரி. யாராவது வேணும்னே சுவர் எழுப்பி மூடியிருந்தா அது அடைச்ச சுருங்கை.