பிறேக் இல்லாத சைக்கிளும் சாய்ந்த ஓடுபாதையும்

மேடு பள்ளமே இல்லாத யாழ்ப்பாணத்து வீதிகளில் சைக்கிள் மிதித்துப் பழகியவர்கள் ஓடுபாதைச் சைக்கிளோட்ட உலகச் சம்பியன்ஷிப் போட்டியைப் பார்க்கும்போது, அவர்களை முதலில் திகைக்க வைப்பது பாதையின் சாய்வுதான். 250 மீற்றர் நீளமான அந்த மரப்பாதை, நேர்ப்பகுதிகளில் ஏறத்தாழ 12 பாகை சாய்ந்திருக்கும். வளைவுகளிலோ 42 முதல் 45 பாகை வரை எழுந்து நிற்கும்.

வளைவில் திரும்பும் எவரும் உட்பக்கமாகச் சாய்ந்தே ஆகவேண்டும். எவ்வளவு சாய்வது என்பதை வேகமும் வளைவின் ஆரையும் தீர்மானிக்கின்றன: வேகத்தின் வர்க்கத்தை ஆரையாலும் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் தாஞ்சன். ஆரை 23 மீற்றர் என்றும் வேகம் மணிக்கு 54 கிலோமீற்றர் என்றும் கொண்டால், கோணம் 45 பாகை. சமதரையில் இப்படிச் சாய்ந்தால், திரும்புவதற்கு வேண்டிய விசை முழுவதையும் ரயரின் உராய்வே கொடுக்கவேண்டும்; சற்று மண் கிடந்தாலும் சைக்கிள் வழுக்கிவிடும். பாதையும் அதேயளவு சாய்ந்திருந்தால், ரயர் மரத்தின்மீது செங்குத்தாக ஊன்றி நிற்கும். உராய்வுக்கு வேலையே இராது. மாறாக, மெதுவாகப் போனால்தான் ரயர் கீழ்நோக்கிச் சறுக்கப் பார்க்கும். இப்பாதையில் ஆபத்து வேகத்தில் இல்லை என்பதே என் கருத்து.

அந்த வேகத்தில் வீரரின் உடல் வழக்கத்தைவிட 1.4 மடங்கு கனக்கும். உடல் உட்பக்கம் சாய்ந்து சிறிய வட்டத்தில் செல்ல, சில்லுகள் பெரிய வட்டத்தில் ஓடுவதால், உடலின் வேகம் மாறாமலே சில்லுகளின் வேகம் வளைவில் சற்றுக் கூடுகிறது.

சரிவின் உயரம் சேமித்து வைத்த சக்தியும்கூட. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மேல்விளிம்பருகே செல்லும் வீரர் நான்கு மீற்றர் உயரம் இறங்கினால், காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், மிதிக்காமலே 50 ஐத் தாண்டிவிடுவார். விரைவோட்ட வீரர்கள் தொடக்கத்தில் ஆமை வேகத்தில் மேலேறிச் சுற்றிக்கொண்டிருப்பது இதற்காகவும்தான். சைக்கிளில் பிறீவீலும் கிடையாது. சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும். வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்த்து அழுத்தலாம், அல்லது சரிவில் மேலேறலாம். எவரிடமும் பிறேக் இல்லாததால், முன்னால் செல்பவர் சட்டென்று நின்றுவிடுவாரோ என்ற பயமும் பின்னால் வருபவருக்கு இல்லை.

ஆகவேதான் நால்வர் அணி ஒன்று சில்லோடு சில்லாக ஒட்டிச் செல்ல முடிகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவகம் நோக்கிச் சைக்கிளில் போனவர்களுக்கு, முன்னால் போகிறவரின் முதுகு எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும். உள்ளரங்கில் காற்றே வீசாவிட்டாலும், மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் செல்பவருக்கு நிற்கும் காற்றும் எதிர்க்காற்றே. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கேற்பக் கூடுவதால், வேகம் இருமடங்கானால் வலு எட்டு மடங்காகவேண்டும். பின்னால் வருபவருக்கோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலு மிச்சமாகிறது.

இரு அணிகள் பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடங்கி ஒன்றையொன்று துரத்தும் 4000 மீற்றர் அணித் துரத்தலில், முன்னால் செல்பவர் தன் முறை முடிந்ததும் வளைவில் மேலேறுவார். மற்றவர்கள் கீழால் கடந்து செல்ல, அவர் இறங்கி வந்து கடைசிச் சில்லின் பின்னால் ஒட்டிக்கொள்வார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலிய அணி இத்தூரத்தை 3 நிமிடம் 42.032 செக்கனில் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். மூன்றாவது வீரரின் முன்சில்லு கோட்டைத் தொடும் நேரமே அணியின் நேரமாகக் கொள்ளப்படுவதால், நால்வரில் ஒருவர் தன் வலு முழுவதையும் முன்னணியில் செலவழித்துவிட்டு இடையில் விலகிக்கொள்வதையும் அணிகள் திட்டமிட்டே செய்கின்றன.